தோட்டம் வாங்கியதும் தென்னை வைக்காதீர்கள்

காங்கேயம், தாராபுரம், பல்லடம் பக்கம் புதிதாக நிலம் வாங்கி விவசாயத்துக்கு வருகிறவர்கள் இப்போது அதிகம். பனியன் கம்பெனி நடத்துகிறவர், பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே சனி, ஞாயிறு வந்து போகிறவர் என்று பலவகை. ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் சுமாருக்கு மழை பெய்யும் இந்தப் பகுதியில், இங்கே இருக்கிறவர்கள் ஒரு காலத்தில் செய்து கையைச் சுட்டுக்கொண்டதையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். மூடாக்கு போடாதது, வரப்பு கட்டாதது மாதிரியான விஷயங்களை விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரியும்.

தை மாதத் தண்ணீரை நம்பி மரம் வைப்பது

இதைப் பார்த்தால்தான் இன்னமும் எரிச்சல் வருகிறது.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடியும். மார்கழி, தையில் காடெல்லாம் பச்சையாக இருக்கும், கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். நிலத் தரகர்கள் ஆள் கூட்டி வருவதும் அப்போதுதான். பார்க்கிறவருக்குத் தையில் எல்லாக் காடும் தோட்டம் மாதிரிதான் தெரியும். கிரயம் முடிந்த கையோடு போர் (ஆழ்துளைக் கிணறு) போட ரிக் வண்டி வரும். முதலில் வெள்ளைத் தூள் பறக்கும், அப்புறம் சேறு, அப்புறம் கம்ப்ரசர் காற்றில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பார்கள், வீடியோ எடுப்பார்கள். அடுத்த வாரம் தென்னங்கன்று வந்து இறங்கிவிடும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தம்பி இப்படித்தான் மூன்று ஏக்கரில் தென்னை வைத்தார். "அண்ணா, ரெண்டு இஞ்ச் தண்ணிங்க, நாள் பூரா ஓடுது" என்றார். மே மாதம் பார்த்தீர்களா என்று கேட்டேன். வாங்கியதே ஜனவரியில்தானே என்று சிரித்தார். கன்று சின்னதாக இருக்கிறவரை தண்ணீர் போதுமானதாகத்தான் இருந்தது. அதுதான் இதில் மோசம். தப்புக் கணக்கு என்பது மரம் வளர்ந்து, வருஷக்கணக்கில் செலவு செய்த பிறகுதான் தெரிய வருகிறது.

காய்க்கிற தென்னைக்குக் கோடையில், சொட்டுநீரிலேயே, ஒரு நாளைக்கு 60, 70 லிட்டர் வேண்டும். இருபத்தைந்து அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். ஆக ஏக்கருக்குத் தினமும் 5,000 லிட்டர் வரை, மூன்று ஏக்கருக்கு 15,000 லிட்டர். தம்பியின் போர் அடுத்தடுத்த கோடைகளில் முக்கால் மணி நேரம் ஓடும், அப்புறம் காற்றுதான் வரும். மணிக்கு 3,000 லிட்டர் என்று வைத்தாலும் அது இரண்டாயிரத்துச் சொச்சம். மீதிக்கு லாரித் தண்ணீர். பெரிய டேங்கர் ஒன்றில் 12,000 லிட்டர் வரும். தினம் ஒரு லாரி வாங்கித் தேங்காய் விற்று யாராலும் கட்டுப்படியாகாது.

இங்கே அடியில் இருப்பது கெட்டிப் பாறை. மணல் பூமி மாதிரி எங்கு தோண்டினாலும் ஊறாது. மேலே கொஞ்ச ஆழத்துக்கு உளுத்த பாறை, அதற்குக் கீழே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடிப்பு. அந்த வெடிப்பில் எத்தனையோ மழைக்காலமாகச் சேர்ந்து நின்ற தண்ணீர்தான் புதுப் போரில் முதலில் வருகிறது. அது வங்கியில் போட்டு வைத்த பணம், மாதச் சம்பளம் அல்ல. எடுத்ததை மழை திரும்ப நிரப்பினால் உண்டு. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் மட்டை தொங்கி, குருத்து சாய்ந்து நின்ற தென்னந்தோப்புகளைப் பொள்ளாச்சியிலேயே பார்த்தோம். பொள்ளாச்சிக்கே அந்தக் கதி என்றால் காங்கேயத்தை யோசித்துக்கொள்ளுங்கள். பிழைத்த மரமும் லேசில் தேறாது. தென்னையில் இன்றைக்குப் பறிக்கிற காயின் பாளை குருத்துக்குள் உருவாகி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு கோடையில் காய்ந்தால் அதன் அடி இரண்டு மூன்று வருஷம் கழித்தும் காய்ப்பில் தெரியும்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம், 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து எத்தனை நிமிஷத்தில் நிறைகிறது என்று பாருங்கள். மோட்டாரை நிறுத்தாமல் காற்று வரும்வரை ஓட விடுங்கள். நேரத்தைக் குறியுங்கள். மறுநாள் அதே நேரத்தில் தொடங்கி, காற்று வரும்வரை மறுபடி ஓட்டுங்கள், மூன்றாம் நாளும் ஓட்டுங்கள். மூன்றாம் நாள் கிடைத்த லிட்டர்தான் உங்கள் தோட்டத்தின் தண்ணீர். அதில் பாதிக்கு மட்டும் மரம் வையுங்கள். இஞ்ச் கணக்கை யார் சொன்னாலும் நம்பாதீர்கள், ஆளுக்கு ஒரு இஞ்ச் வைத்திருக்கிறார்கள். ஒரு கோடை பார்க்கிறவரை சோளத்தட்டு, எள், கொள்ளு என்று மானாவாரியில் ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாத வருஷம் சோளத்தை விட்டுவிடலாம். தென்னையை அப்படி விட முடியாது.

வாய்க்கால் ஓரத்து நிலம் வாங்குகிறவர்களுக்கும் இதே கதைதான். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம் நாலு மண்டலம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சமயம் பார்த்துக் கிரயம் பேசியவர்கள் அடுத்த வருஷம்தான் மண்டலம் என்றால் என்னவென்று விசாரிக்கிறார்கள்.

போர் வற்றியதும் பக்கத்தில் இன்னொரு போர்

பெரும்பாலும் அதே வெடிப்பு, அதே தண்ணீர். செலவு மட்டும் புதுசு.

கொறங்காட்டைத் தரிசு என்று நினைத்து அழிப்பது

கொறங்காடு என்பது மேய்ச்சல் நிலம். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் நாலைந்து வெள்வேல மரமும் நிற்கிற அந்த நிலத்தை வாங்கியவுடன் ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். "சும்மா கிடந்த இடம்" என்கிறார்கள். அது சும்மா கிடக்கவில்லை. காங்கேயம் மாடும் ஆடும் தலைமுறையாக மேய்ந்த இடம். கொழுக்கட்டைப் புல் கோடையில் கருகினாலும் தூர் சாகாது, ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். வெள்வேலங்காய் ஆட்டுக்குக் கோடைத் தீனி. ஒரு சொட்டு போர்த் தண்ணீர் இல்லாமல் வறட்சி வருஷத்திலும் எதையாவது கொடுக்கிற நிலம் இந்தப் பகுதியில் இது ஒன்றுதான். மேய்ச்சலுக்கு விட்டாலே குத்தகை வரும். சூடு கூடிக்கொண்டே போகிற காலத்தில் இதை அழித்துவிட்டு மாதுளைக்கு மானியம் கேட்டு அலைவதை என்னவென்று சொல்வது! ஒருமுறை உழுத கொறங்காட்டில் அதே புல்லைத் திரும்ப அடர்த்தியாக வரவழைக்க வருஷங்கள் ஆகும். ஐந்து ஏக்கர் வாங்கினால் இரண்டையாவது தொடாமல் விடுங்கள்.

போர்த் தண்ணீரைக் குட்டையில் தேக்கி வைப்பது

பண்ணைக்குட்டை மழைத் தண்ணீருக்கு. அதில் தார்ப்பாய் விரித்து, பூமிக்கடியில் குளிர்ச்சியாக இருந்த தண்ணீரை மேலே எடுத்து வெயிலில் வைப்பது எந்தக் கணக்கு என்று தெரியவில்லை. மின்சாரம் இலவசம் என்பதால் இந்த யோசனை வருகிறது போல. இங்கே கோடையில் தினம் 6, 7 மில்லிமீட்டர் ஆவியாகும். 30 மீட்டருக்கு 30 மீட்டர் குட்டையில் அது நாளைக்கு 6,000 லிட்டர் சுமாருக்கு. ஒரு ஏக்கர் தென்னைக்கு ஊற்ற வேண்டியதை வெயில் குடித்துவிடுகிறது. முறை பாசனத்துக்காக ஒரு நாள் இரண்டு நாள் சேர்ப்பதற்குச் சின்னத் தொட்டி போதும். குட்டைக்குத் தார்ப்பாய் போடாமல் விட்டால் மழைத் தண்ணீர் இறங்கிக் கிணற்றுக்காவது போகும்.

சொட்டுநீர் போட்டு மிச்சம் பிடித்த தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் சேர்ப்பது

அப்போது மிச்சம் என்று எதுவும் இல்லை.

வறட்சிக்கு மட்டும் தயாராவது

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. வறண்ட மாவட்டம் என்றுதான் தூத்துக்குடியைச் சொல்வோம். இங்கேயும் மொத்த மழை அதிகம் மாறாவிட்டாலும் நாலே நாளில் கொட்டிவிட்டுப் போகிற வருஷங்கள் வருகின்றன. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 40,000 லிட்டர். குட்டைக்கும் வரப்புக்கும் வடிகால் வைத்துக் கல் பதிக்காவிட்டால் உடைப்பெடுத்து மேல்மண்ணோடு போகும். வடிகால் எங்கே என்று மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். லெவல் கருவியெல்லாம் அப்புறம்.

முதல் தூறலில் மோட்டாரை நிறுத்துவது

ஆழ்துளைத் தண்ணீர் இங்கே பல இடங்களில் உப்பு. கோடை முழுக்கச் சொட்டுநீரில் பாய்ச்சினால் ஈரம் படுகிற வட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். லேசான முதல் மழை அதைக் கழுவிக்கொண்டு போகாது, கரைத்து வேருக்குத் தள்ளிவிடும். மழைதான் வந்துவிட்டதே என்று மோட்டாரை நிறுத்தினால் மறுநாள் இலை நுனி கருகும். நல்ல மழை ஒன்று இறங்கும்வரை தூறலோடு தூறலாகச் சொட்டுநீரும் ஓடட்டும்.