ரெஸ்யூமேயை நோட்பேடில் ஒட்டிப் பார்த்தபோது தெரிந்தது

கணக்குப் பிரிவில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் அத்துப்படி. ஆனால் ரெஸ்யூமேயை எத்தனை இடத்துக்கு அனுப்பியும் ஓர் அழைப்புகூட இல்லை.

முதலில் டிசைனை மாற்றினேன். அப்புறம் ஒரு பக்கத்தை இரண்டாக்கி, பள்ளியில் வாங்கிய பரிசு வரை சேர்த்தேன். பலனில்லை.

ஆள்சேர்ப்பு வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: "ரெஸ்யூமே வேலை வாங்கித் தராதுப்பா. இன்டர்வியூவுக்குக் கூப்பிட வைக்கும், அவ்வளவுதான். பல கம்பெனிகளில் அதை முதலில் படிப்பதே மென்பொருள்தான்."

மென்பொருளுக்கு என் ரெஸ்யூமே எப்படித் தெரியும் என்று பார்க்க, பிடிஎஃப்பைத் திறந்து, முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினேன். பக்கத்தில் அருகருகே இருந்த இரண்டு பத்திகளும் வரிக்கு வரி கலந்து கிடந்தன. மேலே வண்ணப் பட்டையில் இருந்த போன் நம்பர் படமாகப் பதிவாகியிருந்ததால் வரவே இல்லை. விசித்திரம் என்னவென்றால், ரீகன்சிலியேஷன், டாக்சேஷன் என்ற ஆங்கிலச் சொற்களின் நடுவே ஓட்டை! அந்த எழுத்துருவில் 'டி' (t), 'ஐ' (i) இரண்டும் ஒட்டி ஒரே வடிவமாகியிருந்தன. காப்பி செய்தால் காணாமல் போயின. கம்பெனிக்காரர்கள் மென்பொருளில் அந்தச் சொற்களைத் தேடினால் என் பெயர் எப்படி வரும்?

வேர்டில் பக்கத்தை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே பத்தியாகத் தட்டினேன். ஃபான்ட் அமைப்பில், எழுத்துகளை இப்படி ஒட்டவைக்கும் லிகேச்சர்ஸை அணைத்தேன். போன் நம்பரைப் பெயருக்குக் கீழே எழுத்தாகவே வைத்தேன். பரிசுகளை எடுத்துவிட்டு, விளம்பரத்தில் கேட்ட வேலைகளை மேலே கொண்டுவந்தேன்.

அடுத்த வாரமே அழைப்பு வந்தது. அப்பாடா! இப்போது ஒவ்வொரு முறை பிடிஎஃப் எடுத்ததும், நோட்பேடில் ஒட்டிப் பார்த்த பிறகே அனுப்புகிறேன்.