கிரெஸ்டட் கெக்கோ குஞ்சுகள ஒண்ணா விடலாமா, தனித்தனியாவா?

கிரெஸ்டட் கெக்கோங்கிறது வீட்ல வளக்குற ஒரு வகைப் பல்லி, அதோட முட்ட பொரிஞ்சதும் எல்லாரும் கேக்குறது இதுதான். ரெண்டும் ஒரே ஈட்டுக் குஞ்சு, ஒண்ணாக் கெடந்தா தொணையா இருக்கும்லா? இல்ல மக்களே, இதுக்கு தொணை வேண்டாம். ஒரு குஞ்சுக்கு ஒரு டப்பா.

நாகர்கோவில்ல எங்க வீட்ல மொத ஈடு பொரிஞ்சப்போ நான் ரெண்டையும் ஒரே டப்பாலதான் விட்டேன், சண்டை எதுவும் கண்ணுல படல, ஆனா ஒரு மாசம் கழிச்சு எடை போட்டா ஒண்ணு நல்லா ஏறியிருக்கு, மத்தது பொறந்த எடையிலயே நிக்குது, பெரியது தீனிக்கிட்டயே கெடந்தா சின்னது எப்பிடி வரும்? அடுத்த வாரம் அதோட வாலும் போச்சு. செவுத்துப் பல்லிக்கு வாலு திரும்ப முளைக்கும், இதுக்கு முளைக்காது. வாலில்லாம நல்லாத்தான் வாழும், ஆனாலும் எனக்கு இன்னைக்கும் மனசு கேக்கல.

இனி செய்ய வேண்டியது. அஞ்சாறு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, நல்லா இறுகி மூடுற மூடியோட வாங்குங்க, ஏன்னா பொறந்த அன்னைக்கே சாடும், செவுத்துலயும் ஏறும். ரெண்டு பக்கமும் மேலயும் காத்துக்கு சின்ன ஓட்டை போடுங்க. குஞ்சு 2 கிராம்கூட இருக்காது, அதோட தலை நுழையாத அளவு ஓட்டை போதும். அடியில ஈரமாக்குன டிஷ்யூ, ஒளிஞ்சுக்க ஒரு அட்டைக் குழாய், தொத்திக்கிட பிளாஸ்டிக் இலை. மண்ணு வேண்டாம், டிஷ்யூன்னா கழிவு போட்டிருக்கா இல்லையான்னு உடனே தெரியும், ரெண்டு ஒண்ணாக் கெடந்தா எது போட்டதுன்னே தெரியாதுல்ல.

மொத மூணு நாலு நாள் தின்னாது, பயப்படாதீங்க. மொதத் தோல உரிச்சு அதையே தின்னும். பெறகு கெக்கோ பொடி, அதாவது கெக்கோவுக்குன்னே விக்குற தீனிப் பொடி, ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு தண்ணி கலந்து, ஒரு சோடா மூடில சாயங்காலம் வைங்க, ராத்திரிதான் தின்னும். மறுநாள் மிச்சத்த எடுத்துருங்க, இல்லன்னா எறும்பு வந்துரும். பூச்சி குடுத்தா குஞ்சோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல உள்ள அகலத்த விட பெருசு வேண்டாம், கால்சியம் பொடி தூவிக் குடுங்க.

நம்ம ஊர்ல பெரிய பிரச்சன வெக்கைதான். நியூ கலிடோனியாத் தீவுல உள்ள பல்லி இது, 1994ல திரும்பக் கண்டுபிடிக்குற வரைக்கும் அழிஞ்சே போச்சுன்னு நெனச்சிருந்தாங்க. இதுக்கு 22ல இருந்து 26 டிகிரி போதும், 28 தாண்டுனா கஷ்டப்படும். லைட்டு, சூடு எதுவும் வைக்காதீங்க. மாசி பங்குனி வந்தா மாடி ரூம்ல இருந்து கீழ உள்ள குளிர்ச்சியான ரூமுக்கு மாத்துங்க, ஏசி இல்லன்னா ஐஸ் ஆக்குன தண்ணி பாட்டில துணில சுத்தி டப்பாவுக்கு வெளிய ஒட்டி வைங்க. டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம் வேணும். சாயங்காலம் தண்ணி தெளிக்கணும், பகல்ல காயவும் விடணும், மழை நேரத்துல கொறச்சுத் தெளிச்சா போதும், இல்லன்னா பூஞ்சை பிடிக்கும்.

வாரம் ஒருக்கா எடை போட்டு டப்பா மேலயே எழுதி ஒட்டுங்க. ரெண்டு வாரம் சேந்தாப்ல எடை கொறஞ்சா டாக்டர்கிட்ட காட்டணும். 10 கிராம் தாண்டுனா பெரிய கூட்டுக்கு மாத்தலாம், அப்பவும் தனியாதான், ஆணு ரெண்டு இருந்தா வளந்ததும் கண்டிப்பா கடிச்சுக்கிடும்.