ஒரே செய்தி, ஐந்து பேர்: புதிய மெர்ச்சண்டைசருக்கு ஒரு செய்முறை விளக்கம்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் முடியும்வரை எல்லோரையும் ஒருங்கிணைப்பவராக)ச் சேருபவருக்கு ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) பார்க்கவும், லேப் டிப் (நிற ஒப்புதலுக்கான சாய மாதிரித் துண்டு) அனுப்பவும், காஸ்டிங் (விலைக் கணக்கு) போடவும் கற்றுக்கொடுக்க ஆள் இருப்பார்கள். சாயப்பட்டறை மாஸ்டரிடம் எப்படிப் பேசுவது, அதே விஷயத்தை அரை மணி நேரம் கழித்து ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருக்கும் பையருக்கு (ஆர்டர் கொடுத்தவருக்கு) எப்படி எழுதுவது என்பதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். "போகப் போகப் பழகிவிடும்" என்பார்கள். பழகத்தான் செய்யும். அதற்குள் நாலு பேரோடு மனத்தாங்கலும் வந்திருக்கும்.

இந்த வேலையின் சங்கடம் எளிமையானது. எல்லோரிடமும் வேலை வாங்க வேண்டும்; ஒருவருக்கும் உத்தரவு போட முடியாது. பட்டறை உங்களுடையது அல்ல, தையல் மெஷின்கள் ஓடும் பவர் டேபிள் உங்களுடையது அல்ல, பணமும் உங்களுடையது அல்ல. கையில் இருப்பது பேச்சும் மெயிலும்தான். அவற்றை ஆளுக்குத் தகுந்தபடி அமைத்துக்கொள்ளத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

விளக்கத்துக்காக ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். 12,000 டி-ஷர்ட், 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி (டி-ஷர்ட்டுக்கான பின்னல் துணி), நேவி நீலம். அனுப்பிய லேப் டிப்களில் 'பி'யைப் பையர் அப்ரூவ் செய்திருக்கிறார். பட்டறையிலிருந்து வந்த துணியோ அதைவிட வெளிறியிருக்கிறது. திரும்ப மெஷினில் ஏற்றி எடுக்க நான்கு நாள் ஆகும். தூத்துக்குடியில் சரக்கை ஒப்படைக்கும் தேதிக்கு முன் ஆறு நாள் கையிருப்பாக வைத்திருந்தீர்கள். அது இரண்டாகச் சுருங்குகிறது. இதை ஐந்து பேரிடம் சொல்லியாக வேண்டும்.

படி 1: ஆளை எடை போடாதீர்கள், முதல் கேள்வியைக் கவனியுங்கள்

ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நீங்கள் எதையாவது சொன்னதும் அவர் கேட்கும் முதல் கேள்வியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குணம் பற்றிய குறிப்பு எதுவும் வேண்டாம். "கோபக்காரர்", "பிடிவாதம்" என்று எழுதினால் உங்கள் எரிச்சல்தான் நோட்டில் இருக்கும்; அதனால் பிரயோஜனம் இல்லை.

இரண்டு வாரத்தில் பக்கங்கள் தாமாகவே பேசத் தொடங்கும். முதலாளி எப்போதும் "எத்தனை நாள்? எவ்வளவு செலவு?" என்றுதான் ஆரம்பிக்கிறார். தர ஆய்வுப் பிரிவில் இருக்கும் மேடம் "எந்த லாட்? எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள்?" என்கிறார் (லாட் என்பது சேர்ந்து சாயம் ஏறிய துணித் தொகுதி). புரொடக்‌ஷன் மேனேஜர் "இதை யார் சொன்னது?" என்கிறார். அதாவது, தமக்கு முன்னால் யாருக்குத் தெரியும் என்பதுதான் அவருடைய கவலை. மாஸ்டர் கேள்வியே கேட்பதில்லை. வேறு எதையோ பேசிவிட்டு, நீங்கள் கிளம்பும்போது விஷயத்துக்கு வருகிறார்.

ஆட்களை நான்கு வகையாகப் பிரித்து ஆளுக்கு ஒரு நிறம் கொடுக்கும் பயிற்சி வகுப்புக்கு உங்களை அனுப்பினால் போய்விட்டு வாருங்கள், தவறில்லை. அந்த நான்கு வகைப் பாகுபாட்டின் வேர் வில்லியம் மார்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1928-இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. வொண்டர் வுமன் கதாபாத்திரத்தை உருவாக்கியவரும் அவர்தான் என்பது உபரித் தகவல். பதினாறு வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வும் பிரபலம். ஆனால் அதை வெளியிடும் நிறுவனமே, வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பட்டம் கட்டியதும் நாம் கவனிப்பதை நிறுத்திவிடுகிறோம். மாஸ்டர் 'பச்சை' வகை என்று முடிவு கட்டிவிட்டால், அவர் இன்றைக்கு அவசரத்தில் இருப்பது கண்ணில் படாது.

படி 2: மாறாத நான்கு வரியை முதலில் எழுதுங்கள்

யாரிடமும் பேசுவதற்கு முன் உங்களுக்காக எழுதிக்கொள்ளுங்கள்:

என்ன நடந்தது: நேவி துணி அப்ரூவல் ஷேடைவிட வெளிறியிருக்கிறது.
எவ்வளவு: மொத்தத் துணியும்.
எத்தனை நாள்: நான்கு. தேதி தப்பவில்லை, கையிருப்பு இரண்டு நாள்.
அடுத்து என்ன: இன்றே மறுபடி சாயம் ஏற்ற வேண்டும்.

இந்த நான்கும் ஐந்து பேரிடமும் ஒரே மாதிரிதான் போக வேண்டும். சொல்லும் வரிசை மாறலாம், நீளம் மாறலாம், தொனி மாறலாம். முதலாளியிடம் நான்கு நாள், மேனேஜரிடம் மூன்று நாள், பையரிடம் "சிறு தாமதம்" என்று போனால் அது ஆளுக்கேற்ப பேசுவது ஆகாது, ஆளுக்கொரு பொய். சாயங்காலம் பேக்கரி வாசலில் இரண்டு பேர் டீ குடிக்கும்போது அது வெளியே வந்துவிடும்.

படி 3: ஒரே செய்தியை ஐந்து விதமாக அமையுங்கள்

முதலில் மாஸ்டர். போனில் வேண்டாம், பட்டறைக்கே போய்விடுங்கள். அப்ரூவ் ஆன லேப் டிப்பையும் துணியில் ஒரு துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். "மாஸ்டர், ஷேடு தப்பாகப் போட்டுவிட்டீர்கள்" என்று தொடங்கினால் அடுத்த அரை மணி நேரம் நூலின் குறை, தண்ணீரின் குறை, நிட்டிங்காரரின் குறை என்று போகும். எல்லாம் உண்மையாகக்கூட இருக்கலாம், துணி மட்டும் வெளிறியபடியே கிடக்கும். இரண்டையும் நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தைப் போன்ற டி65 விளக்கைப் போட்டு, சும்மா நில்லுங்கள். அவர் கண் உங்கள் கண்ணைவிட நன்றாகப் பழகியது, அவரே சொல்வார். பிறகு கேளுங்கள்: "மாஸ்டர், இதில் மேற்கொண்டு சாயம் ஏற்றினால் போதுமா, இருக்கிற சாயத்தை உரித்துவிட்டுத்தான் போட வேண்டுமா?" வெளிறிய துணிக்குப் பெரும்பாலும் மேலே ஏற்றினால் போதும், கருத்துப்போன துணியைத்தான் உரிக்க வேண்டியிருக்கும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். இருந்தாலும் கேளுங்கள். தொழில் தெரிந்தவரிடம் தொழில்ரீதியாகக் கேட்கும் கேள்வியில் மரியாதை தானாகவே இருக்கிறது. தனியாகப் புகழ்ச்சி சேர்க்க வேண்டியதில்லை, சேர்த்தால் கண்டுபிடித்துவிடுவார்.

முதலாளிக்கு முடிவிலிருந்து தொடங்குங்கள். "சார், நேவி ஆர்டர் தேதிக்குப் போய்விடும். துணி ஷேடு வெளிறி வந்திருக்கிறது, மறுபடி ஏற்றுகிறோம், நான்கு நாள். கையிருப்பு இரண்டு நாள்தான். சனிக்கிழமைக்குள் துணி வராவிட்டால் உங்களிடம் திரும்ப வருவேன்." அவ்வளவுதான். அவர் மனத்தில் ஓடுவது ஒன்றுதான்: கப்பலை விட்டுவிட்டு விமானத்தில் அனுப்ப நேருமா? விமானச் சரக்குக் கட்டணம் ஒரு ஆர்டரின் லாபத்தை அப்படியே விழுங்கிவிடும். அந்தப் பயத்துக்குப் பதில் முதல் வாக்கியத்தில் இல்லாவிட்டால் மீதி எதுவும் அவர் காதில் ஏறாது. காலையில் நூல் எடுத்ததிலிருந்து கதை சொல்லத் தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது நிமிடத்தில் முதலாளி வேறு போனை எடுத்துவிடுவார். குற்றம் அவருடையதல்ல.

தர ஆய்வு மேடத்துக்கு இதற்கு நேர் எதிர். சுருக்கிச் சொன்னால் எதையோ மறைக்கிறீர்கள் என்று நினைப்பார். லாட் எண், ரோல் எண்ணிக்கை, டி65, டிஎல்84 (கடை வெளிச்சத்தைப் போன்ற விளக்கு) இரண்டிலும் பார்த்த முடிவு, கருவியில் அளந்த டெல்டா ஈ மதிப்பு (நிற வித்தியாசத்தைச் சொல்லும் எண்) என எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள். பல பையர்கள் அந்த மதிப்பு 1-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். இந்த ஆர்டருக்கு என்ன வரம்பு என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். மறுபடி சாயம் ஏறிய துணியில் ஜிஎஸ்எம்மும் சுருக்கமும் மாறியிருக்கலாம் என்பதால், அவற்றைத் திரும்பச் சோதிக்கச் சொல்லி நீங்களே முந்திக்கொண்டு கேட்டுவிடுங்கள். எப்படியும் அவர் கேட்கத்தான் போகிறார்.

புரொடக்‌ஷன் மேனேஜரிடம் சொல்லும் வேளைதான் முக்கியம். அவருடைய கட்டிங் டேபிள் நான்கு நாள் காலியாகக் கிடக்கும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஆட்கள் வேலை இல்லாவிட்டால் அடுத்த யூனிட்டுக்குப் போய்விடுவார்கள். முதலாளி வாயிலாக இது அவருக்குத் தெரியவந்தால் தீர்ந்தது. ஆகவே முதலாளி அறைக்குள் நுழைவதற்கு முன் அவருக்கு ஒரு போன்: "அண்ணா, நேவி நான்கு நாள் தள்ளுகிறது. சாரிடம் சொல்லப் போகிறேன், அதற்கு முன் உங்களுக்குச் சொல்லிவிடலாம் என்று. இடையில் எந்த ஆர்டரை ஏற்றினால் உங்களுக்குச் சௌகரியம்?" கடைசிக் கேள்விதான் உண்மையான சமாதானம். அதைக் கேட்காமல் விட்டால் முன்கூட்டிச் சொன்னது வெறும் சம்பிரதாயம் ஆகிவிடும்.

பையருக்கு மெயில். சப்ஜெக்ட் வரியிலேயே ஆர்டர் எண்ணும் விஷயமும் இருக்கட்டும். உள்ளே: ஷேடு மாறியிருந்ததால் துணியை நாங்கள் ஏற்கவில்லை, திருத்தம் நடக்கிறது, கப்பல் தேதியில் மாற்றமில்லை, புதிய ஷேடு துண்டை இன்ன தேதியில் கூரியரில் அனுப்புவோம். "தயவுகூர்ந்து மன்னிக்கவும்" என்று மூன்று முறை எழுதாதீர்கள். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் நான் பழகிய பையர்களில் பெரும்பாலானோர் நேரடியாகச் சொன்னால் நிம்மதி அடைகிறவர்கள். மன்னிப்பு அதிகமானால் இன்னும் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுவார்கள். அவர்களுடைய பதிலும் ஒரே வரியில் வரும், வணக்கம்கூட இருக்காது. அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எல்லா ஐரோப்பியரும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் குடும்பத்தை விசாரித்துவிட்டுத்தான் ஆர்டருக்கு வருகிற பையர்களும் உண்டு. படி 1-இல் சொன்ன நோட்டு அவர்களுக்கும்தான்.

படி 4: தலையாட்டலைத் தேதியாக மாற்றுங்கள்

நம் ஊரில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதை நாகரிகக் குறைவாக நினைப்பவர்கள் அதிகம். மாஸ்டர் "செய்துவிடலாம் தம்பி" என்பார். அது வாக்குறுதியா, உங்களை வழியனுப்பும் பேச்சா என்று தெரிய வேண்டுமானால், ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்காதீர்கள். "நாளைக்குத் தந்துவிடுவீர்களா?" என்றால் தலை ஆடத்தான் செய்யும். "இப்போது மெஷினில் எந்த பார்ட்டியின் துணி ஓடுகிறது? அது எப்போது இறங்கும்? நம்முடையது அதற்கடுத்ததா?" என்று கேளுங்கள். நடுவில் இன்னும் இரண்டு பார்ட்டி இருந்தால் அப்போது வெளியே வரும். யாரும் யாருக்கும் முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கும் உண்மையான தேதி கிடைத்துவிட்டது.

பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "மாஸ்டர், பேசியபடி வியாழன் மதியம் வண்டி அனுப்புகிறேன்." இதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அதனால்தான் 'நீங்கள் தர வேண்டும்' என்று எழுதாமல் 'நான் வண்டி அனுப்புகிறேன்' என்று எழுதுகிறோம்.

படி 5: நேரம் பாருங்கள்

சனிக்கிழமை கூலி பட்டுவாடா நாள். அன்று மதியத்துக்கு மேல் மேனேஜரிடமோ கான்ட்ராக்டரிடமோ அவசரமில்லாத எதையும் கொண்டுபோகாதீர்கள். ஜெர்மனி நமக்குக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. நீங்கள் மதியச் சாப்பாட்டுக்கு எழும் நேரத்தில்தான் அவர்கள் மெயிலைத் திறப்பார்கள். கெட்ட செய்தியை அவர்களுடைய வெள்ளிக்கிழமை மாலைக்கு அனுப்பினால் திங்கள்வரை உங்களுக்குத்தான் அவஸ்தை.

படி 6: எங்கே வளையக் கூடாது

ஆளுக்கேற்ப மாறுவது என்றால் எல்லாவற்றுக்கும் இணங்குவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். துணியே இன்னும் சாயம் ஏறாத நிலையில், "சரக்கு செக்கிங்கில் இருக்கிறது என்று பையருக்கு எழுது" என்று மேலிருந்து சொல்லப்படலாம். அந்த மெயில் உங்கள் பெயரில் போகும். "சார், அப்படி எழுதினால் செக்கிங் போட்டோ கேட்பார். 'துணி திருத்தத்தில் இருக்கிறது, கப்பல் தேதி மாறாது' என்று எழுதட்டுமா?" என்று மாற்று வாக்கியத்தோடு மறுங்கள். வெறுமனே முடியாது என்பதைவிட இது பெரும்பாலும் செல்லுபடியாகும்.

கத்துகிறவர் விஷயமும் அப்படித்தான். ஒருவர் சத்தமாகப் பேசுவது அவருடைய பாணி என்றால் சத்தத்தை விட்டுவிட்டு விஷயத்துக்குப் பதில் சொல்லலாம். மெஷின் ஓடும் இடத்தில் முப்பது வருடம் நின்றவருக்குக் குரல் அப்படித்தான் இருக்கும். மரியாதை கெட்ட வார்த்தை வந்தால் அது பாணி அல்ல. "பிறகு பேசலாம் சார்" என்று எழுந்து வாருங்கள். பேச்சை எழுத்துக்கு மாற்றுங்கள். அனுசரித்துப் போகும் பாரம் எப்போதும் இளையவர் மீதும், பெரும்பாலும் பெண்கள் மீதும்தான் விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் சீனியர் ஆகும்போது உங்கள் பாணி என்ன என்பதைப் புதிதாக வருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: எனக்கு மெயில் பிடிக்கும், காலை பத்து மணிக்கு முன் கேள்வி வேண்டாம், கெட்ட செய்தி என்றால் உடனே போன். அவர் நோட்டில் ஒரு பக்கம் மிச்சமாகும்.

நோட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஷிப்மென்ட் நெருக்கடியில் எழுதிய குறிப்புகளை மட்டும் தனியாகக் குறித்துவையுங்கள். கப்பல் தேதி நெருங்கும் வாரத்தில் எல்லோருமே முதலாளி மாதிரி "எத்தனை நாள்?" என்றுதான் கேட்பார்கள், மேடம் உட்பட.