நெரிசலில் அணைந்த பைக்கும் டேங்க் மூடியின் துளையும்

மேடவாக்கத்திலிருந்து சிறுசேரிக்குக் காலை ஷிஃப்ட். மெட்ரோ பணிகளால் ஓஎம்ஆரில் (சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை) விடியும் முன்பே நெரிசல். சோழிங்கநல்லூர் சந்திப்பை நெருங்கும்போது என் பைக் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டி) திணறி அணைந்துவிடும். ஓரமாகத் தள்ளி நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

ஸ்பார்க் பிளக் மாற்றினேன். ஏர் ஃபில்டர் மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார் மெக்கானிக். பலனில்லை. கடையில் எவ்வளவு முறுக்கினாலும் வண்டி அணையவே இல்லை.

துப்பு கொடுத்தது வேறு ஒன்று: டேங்க் நிரம்பியிருந்தால் சீக்கிரமே அணைந்தது, பாதி இருந்தால் இன்னும் தூரம் போனது. அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. உடனே ஸ்டார்ட்!

மூடியில் காற்று போகும் சிறு துளை தூசியால் அடைத்திருந்தது. பெட்ரோல் குறையும் இடத்துக்குக் காற்று வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் கீழே இறங்காது. நிரம்பிய டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு, அதனால்தான் சீக்கிரம். கடையில் முதல் வேலையாக மூடியைத் திறந்து பார்ப்பார்கள், அப்புறம் எப்படி அணையும்?

மூடியைக் கழற்றி, மெல்லிய கம்பியால் குத்தி, பஞ்சர் கடையில் அந்தத் துளை வழியே காற்றடித்தேன். அதன்பின் வண்டி நிற்கவில்லை. அப்பாடா!