5ஜி என்ற எழுத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 அக்டோபர் 1ஆம் தேதி புதுதில்லியில் 5ஜி, அதாவது ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவை, தொடங்கிவைக்கப்பட்டது. ஏர்டெல் முதற்கட்டமாகச் சேவை அளித்த எட்டு நகரங்களுள் சென்னையும் ஒன்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த அலைக்கற்றை ஏலத்தில் நிறுவனங்கள் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு உரிமங்களை எடுத்திருந்ததால், விளம்பரங்களும் அந்தத் தொகைக்கு ஏற்ற உரத்த குரலிலேயே வந்தன. அன்று முதல் கைப்பேசிக் கடையிலும் வீட்டுக் கூடத்திலும் பேச்சு ஒரே கணக்கில் ஓடுகிறது: 4ஐவிட 5 பெரிது, 5ஐவிட 6 பெரிது. தலைமுறை எண்ணைத் தர முத்திரையாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்றப் பல தவறுகள் இதிலிருந்தே கிளைக்கின்றன.

5ஜிக்கான இலக்குகளை வகுத்த பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், பதிவிறக்கத்தின் உச்ச வேகமாக 20 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 20,000 மெகாபிட்) என்று குறித்தது உண்மை. ஆனால் அது எல்லாச் சூழலும் சாதகமாக அமையும்போது கிடைக்கக்கூடிய மேல் வரம்பு. அதே ஆவணம், நெரிசலான நகர்ப்பகுதியில் ஒரு பயனருக்கு வழக்கமாகக் கிடைக்க வேண்டிய வேகமாகக் கூறுவது 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) மட்டுமே. இரண்டு எண்களுக்கும் இருநூறு மடங்கு வித்தியாசம். விளம்பரம் முதல் எண்ணை எடுத்துக்கொண்டது. வாழ்க்கை இரண்டாம் எண்ணுக்கு அருகில் நடக்கிறது. 2019 ஏப்ரலிலேயே 5ஜியை விற்பனைக்குக் கொண்டுவந்த தென்கொரியாவில் இந்த இடைவெளி சட்டப் பிரச்சினையாகவே ஆனது. நடைமுறையில் சராசரி வேகம் 1 ஜிபிபிஎஸ்ஸைக்கூட எட்டாத நிலையில் 20 ஜிபிபிஎஸ் என்று விளம்பரம் செய்ததற்காக, அந்நாட்டு வணிகப் போட்டி ஆணையம் 2023 மே மாதத்தில் மூன்று நிறுவனங்களுக்கும் சேர்த்து அந்நாட்டு நாணயமான வொன்னில் ஏறத்தாழ 3,360 கோடி அபராதம் விதித்தது.

திரையின் மேல்மூலையில் தெரியும் 5ஜி என்ற குறியையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. இந்தியாவில் ஜியோ, டவர்களுக்குப் பின்னாலிருந்து இணைப்புகளை நிர்வகிக்கும் மையக் கட்டமைப்பு உட்பட அனைத்தையும் புதிதாக அமைத்த தனித்த 5ஜி வலையமைப்பைத் தேர்ந்தெடுத்தது. ஏர்டெல், ஏற்கெனவே உள்ள 4ஜி மையத்தின்மேல் 5ஜி அலைகளைச் சேர்க்கும் சார்பு முறையில் தொடங்கியது. இந்தச் சார்பு முறையில், கைப்பேசி இணைந்திருக்கும் 4ஜி டவர், தன்னுடன் 5ஜியும் சேரக்கூடும் என்று அறிவித்தாலே, அந்த நொடியில் தரவு முழுவதும் 4ஜியில் வந்துகொண்டிருந்தாலும், பல கைப்பேசிகள் 5ஜி குறியைக் காட்டிவிடும். குறி இருக்கிறது, வேகம் இல்லை என்ற புகார்களில் ஒரு பகுதிக்குக் காரணம் இதுதான். கைப்பேசியில் பழுது என்று சேவை மையத்துக்கு அலைவதால் பயன் இல்லை. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2019இல் 4ஜி கைப்பேசிகளிலேயே ‘5ஜி இ’ என்ற குறியைக் காட்டத் தொடங்கிப் பலத்த கண்டனத்துக்கு உள்ளானதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். குறியை வடிவமைப்பவர்களுக்கு விற்பனை நோக்கமும் உண்டு.

கைப்பேசி வாங்கும்போது

5ஜி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கிவிடுவது அடுத்த தவறு. எந்தெந்த அலைவரிசைகளை அந்தக் கைப்பேசி ஏற்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்தியாவில் 5ஜியின் பெரும் சுமையைத் தாங்குவது 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. கைப்பேசியின் விவரக் குறிப்பில் அது என்78 என்று இருக்கும். ஜியோ இதனுடன் 700 மெகாஹெர்ட்ஸையும் வைத்திருக்கிறது. அதன் பெயர் என்28. என்28 இல்லாத கைப்பேசியில் ஜியோ சிம்மைப் போட்டால், தெருவில் ஓடும் 5ஜி படுக்கையறைக்குள் வந்ததும் 4ஜியாகிவிட வாய்ப்பு அதிகம். காரணம் எளிய இயற்பியல்தான். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். 3300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். நீண்ட அலை சுவரையும் தூரத்தையும் நன்றாகக் கடக்கும், ஆனால் அந்த அலைவரிசையில் கிடைக்கும் இடம் குறைவு என்பதால் வேகமும் குறைவு. குறுகிய அலையில் வேகம் அதிகம். கான்கிரீட் சுவரும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடியும் அதைப் பெரிதும் தடுத்துவிடும்.

26 ஜிகாஹெர்ட்ஸ் (26,000 மெகாஹெர்ட்ஸ்) அலைகளைப் பற்றிய பெருமைப் பேச்சையும் இந்த வெளிச்சத்தில்தான் கேட்க வேண்டும். அவற்றின் நீளம் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். உள்ளங்கை மறைத்தாலே வலுவிழக்கும். தென்கொரிய நிறுவனங்கள் இதற்கு அண்மையிலுள்ள 28 ஜிகாஹெர்ட்ஸில் ஒப்புக்கொண்ட எண்ணிக்கையில் நிலையங்களை அமைக்காததால், 2022 இறுதியிலும் 2023இலுமாக அரசு அந்த உரிமங்களையே திரும்பப் பெற்றது. விளையாட்டு மைதானம், ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கு அந்த அலைகள் பொருந்தலாம். அதற்காகக் கைப்பேசிக்குக் கூடுதல் விலை கொடுப்பது இன்றைக்குத் தேவையற்றது.

வன்பொருள் சரியாக இருந்தாலும் மென்பொருள் அனுமதிக்க வேண்டும். இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது ஐபோன்களில் அதற்கான வசதி இருந்தும், 2022 டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வரும்வரை பயனர்கள் காத்திருக்க நேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவரும் கைப்பேசிகளில் இந்தச் சிக்கல் எளிதில் எழும். மாடல் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் நாட்டுக்கு நாடு அலைவரிசைப் பட்டியல் மாறும் என்பதால், பெயரை அல்லாமல் மாடல் எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்வதே சரி. எந்த நிறுவனத்தின் சிம் என்பதும் கணக்கில் வர வேண்டும். வி (வோடஃபோன் ஐடியா) நிறுவனம் 2025 மார்ச்சில்தான் மும்பையிலிருந்து 5ஜியைத் தொடங்கியது. பிஎஸ்என்எல் தன் உள்நாட்டுத் தொழில்நுட்பத்திலான 4ஜியையே 2025 செப்டம்பரில்தான் நாடு தழுவிய அளவில் முறைப்படி அறிமுகப்படுத்தியது.

வீட்டுக்குள் நடக்கும் குழப்பங்கள்

வைஃபை பட்டியலில் வீட்டு ரூட்டரின் பெயருக்குப் பின்னால் 5ஜி என்று இருப்பதைக் கண்டு, வீட்டில் 5ஜி வந்துவிட்டது என்று எண்ணுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை. கைப்பேசி வலையமைப்பின் ஐந்தாம் தலைமுறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ரூட்டருக்கு வரும் இணைப்பு மெதுவானது என்றால் இந்த அலைவரிசைக்கு மாறுவதால் வேகம் கூடாது.

கம்பியில்லாமல் வீட்டுக்கு இணையம் தரும் ஏர்ஃபைபர் வகைச் சேவைகள் 2023இல் வந்தன. ஃபைபர் கேபிள் வராத தெருக்களுக்கு இவை உண்மையான வரம். ஆனால் பெயரில் ஃபைபர் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று கருதி, வீட்டு வாசல்வரை வந்துள்ள கேபிள் இணைப்பை விட்டுவிட்டு இதற்கு மாறுவது வீண். டவரின் கொள்ளளவைச் சுற்றுவட்டாரம் முழுவதும் பகிர்ந்துகொள்கிறது; இரவு எட்டு மணிக்கு எல்லா வீடுகளிலும் தொலைக்காட்சித் தொடர் ஓடும்போது உங்கள் பங்கு சுருங்கும். எனவே, மாற நினைப்பவர்கள் பகல் நேரச் சோதனையை நம்பாமல், அதே தெருவில் இருப்பவரிடம் இரவு நேர அனுபவத்தைக் கேட்பது நல்லது.

தாமதம் பற்றிய பெருங்கனவு

வேகத்தைவிட அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது தாமதம், அதாவது ஒரு செய்தி சென்று சேர ஆகும் நேரம். 5ஜியில் அது ஒரு மில்லிநொடி என்றும், ஆகவே சென்னையில் இருக்கும் மருத்துவர் தொலைதூர ஊரில் உள்ள நோயாளிக்கு ரோபோ மூலம் அறுவை சிகிச்சை செய்வார் என்றும் மேடைதோறும் சொல்லப்பட்டது. அந்த ஒரு மில்லிநொடி, மிக உயர்ந்த நம்பகத்தன்மை தேவைப்படும் தனி வகைச் சேவைகளுக்கு, கைப்பேசிக்கும் டவருக்கும் இடையேயான வான்வழித் துண்டுக்கு மட்டும் வைக்கப்பட்ட இலக்கு. டவருக்குப் பின்னால் இருப்பது பழைய கண்ணாடி இழைக் கேபிள்தான். அதில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அதற்கு மேல் போகாது. சென்னைக்கும் மும்பைக்கும் இடையே நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். போய்வரக் குறைந்தது பத்து மில்லிநொடி ஆகும். விளையாட்டின் சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் முப்பது மில்லிநொடிக்குக் கீழே இறங்குவது கடினம். நேர்க்கோட்டில் கேபிள் போவதில்லை என்பதாலும், வழியில் பல சாதனங்களைக் கடப்பதாலும், நிஜத்தில் இன்னும் கூடும். இதை 6ஜி வந்தாலும் மாற்ற முடியாது. ஒளியின் வேகத்தைத் தலைமுறை எண் கட்டுப்படுத்துவதில்லை.

ஆகவே, கைப்பேசி விளையாட்டில் தாமதம் குறையும் என்பதற்காக மட்டும் புதுக் கைப்பேசி வாங்குபவர், முதலில் அந்த விளையாட்டின் சர்வர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சர்வரைப் பயனருக்கு அருகில் கொண்டுவருவதுதான் உண்மையான தீர்வு. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் எழுந்துள்ள தரவு மையங்கள், பேச்சில் அடிபடும் டவர்களைவிட இந்த வகையில் நம் அன்றாட அனுபவத்தை அதிகம் மாற்றக்கூடியவை என்பது என் கணிப்பு.

ரீசார்ஜும் மோசடியும்

வரம்பற்ற 5ஜி எல்லாத் திட்டங்களுக்கும் கிடையாது. 2024 ஜூலைக் கட்டண உயர்வின்போது ஜியோவும் ஏர்டெல்லும் அதை நாளொன்றுக்கு 2 ஜிபியோ அதற்கு மேலோ தரும் திட்டங்களுக்கு மட்டும் என்று சுருக்கின. நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால் ஒவ்வொரு ரீசார்ஜின்போதும் படித்துப் பார்ப்பது அவசியம். வரம்புள்ள திட்டத்தில் இருப்பவர்கள் வேகப் பரிசோதனைச் செயலியை அடிக்கடி ஓட்டுவதும் தவறு. இணைப்பு எவ்வளவு வேகமோ அவ்வளவு தரவை அது விழுங்கும். எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட் என்பதால், 500 எம்பிபிஎஸ் வேகத்தில் பத்து நொடி ஓடினால் 600 எம்பிக்கு (மெகாபைட்) மேல் தீர்ந்துவிடும்.

ஜியோவிலும் ஏர்டெல்லிலும் உங்கள் 4ஜி சிம்மே 5ஜிக்குப் போதும். இந்த ஒரு செய்தி தெரியாததால் பணம் இழந்தவர்கள் உண்டு. உங்கள் சிம்மை 5ஜிக்கு மாற்றித் தருகிறோம் என்று அழைத்து, ஓடிபியைக் கேட்டுப் பெற்று, உங்கள் எண்ணைத் தங்களிடம் உள்ள சிம்முக்கோ இ-சிம்முக்கோ மாற்றிக்கொள்வது மோசடிக்காரர்களின் வழி. அதன்பிறகு வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி அவர்களுக்குப் போகும். கைப்பேசியில் சிக்னல் காரணமின்றி முற்றிலும் மறைந்து நெடுநேரம் திரும்பாவிட்டால், டவர் கோளாறு என்று காத்திருக்காமல் வேறொரு கைப்பேசியிலிருந்து சேவை நிறுவனத்தையும் வங்கியையும் உடனே அழைக்க வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற உதவி எண் இருக்கிறது.

டவர் பயம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2020 ஏப்ரலில் பிரிட்டனில் 5ஜியால் கொரோனா பரவுகிறது என்ற வதந்தியை நம்பி டவர்களுக்குத் தீ வைத்தார்கள். இந்த அலைகளுக்கு வைரஸோடு தொடர்பில்லை. அணுக்களை அயனியாக்கும் ஆற்றலும் இல்லை. டவர் தூரத்தில் இருந்தால் நல்லது என்ற எண்ணமும் பிழையானது. சிக்னல் பலவீனமாக இருக்கும்போதுதான் காதோரம் இருக்கும் கைப்பேசி அதிக ஆற்றலுடன் ஒலிபரப்பும், மின்கலமும் விரைவில் தீரும். கைப்பேசியின் கதிர்வீச்சு உறிஞ்சல் அளவைத் தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் *#07# என்று அழுத்திப் பார்க்கலாம். இந்தியாவின் வரம்பு ஒரு கிலோ உடல் திசுவுக்கு 1.6 வாட்.

பழைய வலையமைப்பை மறப்பதும், வராததற்குக் காத்திருப்பதும்

புதியது வரும்போது பழையது எப்போது மூடப்படும் என்று கேட்க மறப்பதே பெரிய இழப்பைத் தரக்கூடியது. கிணற்று மோட்டாரைக் கைப்பேசி அழைப்பால் இயக்கும் ஸ்டார்ட்டர்களைத் தமிழ்நாட்டு விவசாயிகள் பலர் பயன்படுத்துகிறார்கள். அவற்றிலும், வாகனங்களைக் கண்காணிக்கும் கருவிகளிலும், கடைகளில் உள்ள பழைய கார்டு இயந்திரங்களிலும் 2ஜி மட்டுமே ஏற்கும் சில்லு இருப்பது சாதாரணம். ஜியோவிடம் 2ஜியே கிடையாது; ஏர்டெல் 2020இல் 3ஜியை நிறுத்தியும் 2ஜியை வைத்திருக்கிறது. 2ஜி, 3ஜி இரண்டையும் மூடுவதற்கு அரசு வழிவகுக்க வேண்டும் என்று 2024இல் ஜியோ கேட்டது. மூடும் நாள் இங்கே அறிவிக்கப்படாவிட்டாலும், இன்று புதிதாக ஸ்டார்ட்டர் வாங்குபவர் 2ஜி மட்டும் உள்ளதை விலை குறைவு என்பதற்காக எடுப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் 3ஜி மூடப்பட்டபோது, தரவுக்கு 4ஜியைப் பயன்படுத்தினாலும் அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜியை நம்பியிருந்த கைப்பேசிகள் வலையமைப்பிலிருந்தே தடுக்கப்பட்டன. தங்களிடம் 4ஜி கைப்பேசி இருக்கிறது, நமக்கு ஒன்றுமில்லை என்று இருந்தவர்கள் அதில் மாட்டிக்கொண்டார்கள். வீட்டில் பெரியவர்கள் வைத்திருக்கும் பழைய கைப்பேசியில் வோல்ட்இ வசதி (4ஜி வழியாகவே குரல் அழைப்பு செய்யும் வசதி) இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவைப்பது இதனால்தான் தேவை.

இதன் மறுபக்கம் 6ஜிக்காகக் காத்திருப்பது. இந்தியா 2023 மார்ச்சில் பாரத் 6ஜி தொலைநோக்கு ஆவணத்தை வெளியிட்டது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதே ஆண்டு இறுதியில் 2030ஐ இலக்காகக் கொண்ட 6ஜி சட்டகத்தை, அதாவது அடிப்படை வரையறைகளை, ஏற்றது. எந்த அலைவரிசைகள் என்பது 2027இல் ஷாங்காயில் நடக்கவுள்ள உலக வானொலி மாநாட்டில் பேசப்படும் பொருள்களுள் ஒன்று. தரநிலையே எழுதி முடிக்கப்படாத நிலையில், 6ஜிக்குத் தயார் என்று ஒரு கருவியை எவராவது விற்றால் அது வெறும் சொல். தேவைப்படும் கைப்பேசியை இப்போதே வாங்கிக்கொள்ளலாம். அது தேய்ந்து மாற்றும் காலத்தில்தான் 6ஜி பரவலாக வரும்.

6ஜியைப் பற்றி இப்போதே கேட்க வேண்டிய கேள்வி வேகம் சார்ந்தது அல்ல. அந்தச் சட்டகத்தில் உள்ள ஆறு பயன்பாட்டு வகைகளுள் ஒன்று, தொடர்பையும் உணர்தலையும் இணைப்பது: டவரிலிருந்து புறப்பட்டு எதிரொலித்துத் திரும்பும் அலைகளைக் கொண்டு, ராடாரைப் போல, ஆளும் வாகனமும் எங்கே நகர்கின்றன என்று கண்டறிவது. விபத்தைத் தவிர்க்கவும், தனியாக வாழும் முதியவர் தடுக்கி விழுந்ததை அறியவும் அது உதவக்கூடும். அதே அலை, கைப்பேசியே வைத்திருக்காத ஒருவரின் நடமாட்டத்தையும் காணும். அந்தத் தகவல் யாருக்குச் சொந்தம், எவ்வளவு நாள் சேமிக்கப்படும், கைப்பேசி இல்லாதவரிடம் ஒப்புதல் பெறுவது எப்படி என்பவற்றைத் தரநிலைகள் எழுதப்படும் இந்த ஆண்டுகளிலேயே கேட்க வேண்டும். டவர்கள் நட்டு முடித்த பிறகு கேட்டால், அப்போது பொறியாளர்கள் கைகாட்டுவது ஏற்கெனவே அச்சான விதிகளையாக இருக்கும்.