சீட்டைக் குளிப்பாட்டாதீர்கள்

ஆயுத பூஜை நெருங்கினால் எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் கார் கதவுகள் திறந்து கிடக்கும். வெளிப்பக்கத்தை எப்படிக் கழுவினாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன், தண்ணீர் வழிந்து போய்விடும். உள்ளே கை வைக்கும்போதுதான் சும்மா இருக்க முடிவதில்லை. கார் உள்பக்கத்தைச் சுத்தம் செய்வதுதான் என் பிழைப்பு. முதலில் தூசியை உறிஞ்சி எடுங்கள், அழுக்குத் துணியால் துடைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

துணி சீட்டில் தண்ணீரை ஊற்றுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். சீட்டின் மேலே இருப்பது மெல்லிய துணி. அதற்கடியில் கனமான ஸ்பாஞ்ச். ஊற்றிய தண்ணீரை எல்லாம் அது குடித்துவிடும், திருப்பித் தராது. மேல் துணி மறுநாளே காய்ந்துவிடுவதால் வேலை முடிந்தது என்று கண்ணாடியை ஏற்றிப் பூட்டிவிடுகிறார்கள். ஆயுத பூஜை முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். காற்றிலேயே ஈரம் இருக்கும்போது உள்ளிருக்கும் ஸ்பாஞ்ச் எங்கே காயும்?

அடுத்த தெருக்காரர் ஒருவர் ஹோஸ் பைப்பை அப்படியே பின் சீட்டில் காட்டினார். மழை நாட்களில் வண்டிக்குள் நாற்றம். வாசனைத் திரவம் வாங்கி மாட்டினார், இரண்டும் சேர்ந்து இன்னும் மோசமானது. என்னிடம் வந்தபோது சீட்டைக் கழற்றினேன். அடியில் பூஞ்சை. கார்ப்பெட்டைத் தூக்கினால் அதற்குக் கீழே இருக்கும் பஞ்சு விரிப்பில் தண்ணீர் தேங்கி நின்றது. முன் சீட் தண்டவாளத்தில் துரு. போதாதற்கு டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பல கார்களில் முன் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர்கள் இருக்கும். அவை ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டவை. அங்கே ஈரம் புகுந்தால் விளக்கு எரியும், மெக்கானிக் ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ‘சுத்தம் பண்ணத்தானே’ என்று இக்னிஷன் ஆனில் இருக்கும்போது அதைப் பிடுங்கினாலும் இதே கதைதான். அந்த அடுத்த தெருக்காரருக்கு ஆன மொத்தச் செலவில் என்னிடமே பலமுறை சீட்டைச் சுத்தம் செய்திருக்கலாம்.

சரி, எப்படிச் செய்வது? ஷாம்புவை நிறையத் தண்ணீரில் கலந்து ஸ்பிரே பாட்டிலில் எடுங்கள். ஒரு கை அகலத்துக்கு மட்டும் லேசாகத் தெளித்து, மென்மையான பிரஷால் தேய்த்து, ஈரத் துணியால் நுரையை எடுத்துவிடுங்கள். ஷாம்பு தங்கினால் பிசுபிசுத்து அழுக்கைக் கூட்டிச் சேர்க்கும். அப்புறம் காய்ந்த டவலை விரித்து, முழங்காலை ஊன்றி முழு எடையோடு அழுத்துங்கள். டவல் நன்றாக நனைந்தால் நீங்கள் தெளித்தது அதிகம். காலையிலேயே ஆரம்பித்து, கதவுகளைத் திறந்து வைத்து ஃபேன் போடுங்கள். வெயில் இல்லாத நாளில் கொஞ்ச நேரம் ஏசியை ஓட்டுங்கள், அது காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும்.

சாம்பார் கறைக்குத் துணி சோப்பு

சோப்பைப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாகும், பயந்துபோய் இன்னும் தேய்ப்பார்கள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்ந்ததும் மஞ்சள் சிவக்கிறதே, அதே சங்கதி. சோப்பின் காரத்தன்மைதான் காரணம். வினிகர் கலந்த தண்ணீரால் ஒற்றினால் சிவப்பு இறங்கும். மிச்ச மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும், கதவைத் திறந்து அந்தப் பக்கம் வெயில் படும்படி வண்டியை நிறுத்துங்கள்.

பால் கொட்டினால் வெந்நீர்

கூடாது. பாலின் புரதம் துணியிலேயே இறுகிவிடும். பச்சைத் தண்ணீரில் ஒற்றுங்கள், அதுவும் அன்றைக்கே.

ரெக்சினுக்குத் தேங்காய் எண்ணெய்

வேண்டாம். பளபளக்கும், கூடவே தெருப் புழுதி எல்லாம் ஒட்டும்.

புது வண்டியின் பிளாஸ்டிக் உறை

கிழித்துப் போடுங்கள்.

மேற்கூரைத் துணி

பசையால் ஒட்டியது. நனைத்துத் தேய்த்தால் பசை விட்டுத் தலையில் தொங்கும்.

சீட் பெல்ட்டுக்கு பிளீச்சிங்

வெளுப்பதோடு நிற்காது, இழையும் நைந்துபோகும். உயிர் காக்கும் பொருள் அது. கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டு போகாதபடி மேலே துணி கிளிப் போட்டு, மென்மையான ஷாம்பு தண்ணீரால் துடையுங்கள். ஈரத்தோடு உள்ளே விட்டால் சுருண்ட இடத்திலேயே பூஞ்சை பிடிக்கும். இரவு முழுக்கக் காய்ந்த பிறகு கிளிப்பை எடுத்தால் போதும்.