மேசைப்போர் ஆட்டத்துக்கு மலிவான பொம்மை வண்டிகள்: அளவு பொருந்துகிறதா என்று பார்ப்பது எப்படி?

மேசைமேல் குட்டி வீரர் பொம்மைகளை (மினியேச்சர்களை) வைத்து ஆடும் மேசைப்போர் ஆட்டங்களுக்கென்றே ரெசின் என்ற கெட்டிப் பிசினில் வார்த்து விற்கும் ஒரு லாரியின் விலைக்கு, பொம்மைக் கடையில் ஒரு பை நிறைய வண்டிகள் வாங்கிவிடலாம். மேசையில் அவை பெரும்பாலும் எரிந்துபோன கார்களாகவும் சாலைத் தடுப்புகளாகவும் வீரர்கள் பதுங்கும் மறைவுகளாகவும்தான் நிற்கப்போகின்றன. அதற்குப் பொம்மையே போதும். ஆனால் எல்லாப் பொம்மையும் போதாது. சில கார்களுக்குப் பக்கத்தில் உங்கள் வீரன் ராட்சதனாகத் தெரிவான், வேறு சிலவற்றின் கதவுப் பிடி அவன் தலைக்கு மேலே இருக்கும்.

விதிகள், பகடை, மேசை அமைப்பு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. உங்களிடம் மினியேச்சர்கள் இருக்கின்றன, வண்டிகள் வேண்டும். அங்கிருந்து தொடங்குவோம்.

படி 1: முதலில் உங்கள் வீரனை அளந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் சிக்கிக் கிடந்தேன், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

பெட்டியில் "28 மி.மீ." என்று போட்டிருக்கும். எதிலிருந்து எதுவரை 28? பல தயாரிப்பாளர்கள் பாதத்திலிருந்து கண் வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலை வரை. நிஜத்தில் 1.70 மீட்டர் உயரமுள்ள ஒருவரின் கண் சுமார் 1.60 மீட்டரில் இருக்கும். கண்வரை 28 மி.மீ. என்றால் 1600-ஐ 28-ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 1:57 வரும், அதாவது நிஜத்தில் 57-ல் ஒரு பங்கு. இந்த விகிதத்தைத்தான் ஸ்கேல் என்கிறோம். உச்சந்தலைவரை 28 என்றால் 1:61. இரண்டாம் உலகப் போர் ஆட்டங்களுக்கு விற்கும் 28 மி.மீ. டாங்கிகள் பெரும்பாலும் 1:56-ல் இருப்பது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. சரி, 1:56 வண்டி வாங்கினால் முடிந்தது என்று தோன்றும்.

முடியவில்லை. வீரன் வெறுங்காலோடு மேசையில் நிற்பதில்லை, ஒரு பேஸின் (காலடியில் ஒட்டிய சிறு தட்டின்) மேல் நிற்கிறான். சாதாரண பிளாஸ்டிக் பேஸ் சுமார் 3 மி.மீ. தடிமன். கண்வரை 28, கண்ணுக்கு மேல் தலை 2, கீழே பேஸ் 3. மேசையிலிருந்து உச்சந்தலைக்கு 33 மி.மீ. ஆகிவிட்டது. வண்டியோ சக்கரம் தரையில் படும்படி நிற்கிறது. இப்போது 1700-ஐ 33-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 1:51. போதாக்குறைக்கு இந்த மினியேச்சர்களுக்குத் தலை, கை, துப்பாக்கி எல்லாமே நிஜ விகிதத்தைவிடப் பருமனாகத்தான் செதுக்கியிருப்பார்கள். அதனால் கண்ணுக்கு இன்னும் பெரிதாகத் தெரிவான்.

28 மி.மீ. வீரர்களுக்குப் பக்கத்தில் 1:50 வண்டி கச்சிதமாக இருப்பதற்கும், 1:56 கொஞ்சம் ஒடுங்கித் தெரிவதற்கும், 1:43 சற்றுப் பெரிது என்றாலும் பலர் அதையே விரும்பி வாங்குவதற்கும் இதுதான் காரணம். வெறும் 1:64 கார் என்றால் நிஜமாகவே சின்னதுதான்.

மற்ற அளவுகளில் இவ்வளவு குழப்பம் இல்லை. 20 மி.மீ. ஆட்டத்துக்கு 1:72 அல்லது 1:76, 15 மி.மீ.க்கு 1:100, 6 மி.மீ.க்கு 1:285 அல்லது 1:300. 32 மி.மீ. வீரர்களுக்கு மேலே சொன்ன அதே கணக்கைப் போட்டால் பேஸோடு 1:46 அருகே வரும், அதாவது 1:43 வண்டிகளைத் தயங்காமல் வாங்கலாம்.

படி 2: ஓர் அட்டைத் துண்டு தயார் செய்யுங்கள்

நான் வெர்னியர் காலிப்பரைக் கடைக்குக் கொண்டுபோவதில்லை. டிஜிட்டல் காலிப்பர் இன்னும் மோசம்: வேண்டிய நேரத்தில் பேட்டரி இருக்காது, உலோக முனை பொம்மையின் பெயின்ட்டைக் கீறும், கடைக்காரரும் ஒரு மாதிரி பார்ப்பார். ஒரு விரல் அகல அட்டை போதும். அதில் கீழிருந்து மேலாக இந்த உயரங்களில் கோடு போடுங்கள்:

1:72 – 20 மி.மீ.
1:64 – 23 மி.மீ.
1:56 – 26 மி.மீ.
1:50 – 29 மி.மீ.
1:43 – 34 மி.மீ.

1.45 மீட்டர் உயரமுள்ள சாதாரணக் காரின் கூரை அந்தந்த ஸ்கேலில் எங்கே வரும் என்பதைத்தான் இந்தக் கோடுகள் காட்டுகின்றன. அட்டையின் மறுபக்கத்தில் நீளம். 4.5 மீட்டர் கார் 1:64-ல் 70 மி.மீ., 1:56-ல் 80, 1:50-ல் 90, 1:43-ல் 105.

அட்டையோடு ஒரு வீரனும் வர வேண்டும், கட்டாயம் பேஸோடு. நாள் கணக்கில் உட்கார்ந்து பெயின்ட் அடித்த தளபதியைக் கொண்டுபோகாதீர்கள். எது தொலைந்தால் கவலையில்லையோ அது போதும்.

படி 3: பொம்மையைக் கவிழ்த்துப் பாருங்கள்

அடிப்பாகத்தில் ஸ்கேல் பொறித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பொம்மைக் கார் பிராண்டுகளில் டோமிகாவும் மஜோரெட்டும் வழக்கமாகப் பொறிக்கிறார்கள். ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் சிறிய கார்களில் பெரும்பாலும் இருக்காது. பின்னால் இழுத்துவிட்டால் ஓடும், உள்ளங்கை நிறையும் டை-காஸ்ட் (உலோகத்தை அச்சில் வார்த்த) கார்கள் பெரும்பாலும் 1:32-லிருந்து 1:40-க்குள் வரும். பார்க்க அழகாக இருக்கும், கதவுகூடத் திறக்கும், ஆனால் 28 மி.மீ.க்கு வேண்டாம்.

1:43, 1:76 என்று ஏன் இப்படி உடைந்த எண்கள் என்று கேட்டால், எல்லாம் பிரிட்டிஷ் பொம்மை ரயில்களிலிருந்து வந்தவை. ஓர் அடிக்கு 7 மி.மீ. என்று வைத்தால் 1:43.5, ஓர் அடிக்கு 4 மி.மீ. என்றால் 1:76. ரயில் பொம்மைக்காரர்களின் பழைய சரக்கு மேசைப்போருக்கு இவ்வளவு உதவுவதும் அதனால்தான்.

படி 4: எண் இல்லையென்றால் வகுத்துப் பாருங்கள்

நிஜ வண்டியின் நீளத்தைப் பொம்மையின் நீளத்தால் வகுத்தால் ஸ்கேல். கைபேசியில் அந்த மாடலின் பெயரைத் தட்டினால் நிஜ நீளம் கிடைத்துவிடும்.

ஆனால் இதை ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே வரிசை, ஒரே விலை என்பதால் ஒரே ஸ்கேல் என்று நினைக்காதீர்கள். சின்ன டை-காஸ்ட் கார்கள் ஒரு பெட்டிக்குள் அடங்கும்படி செய்யப்படுபவை. மேட்ச்பாக்ஸின் கதையே அதுதான்: அதைத் தயாரித்த லெஸ்னி நிறுவனத்தின் ஜாக் ஓடெல், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்ற விதி இருந்ததால் தன் மகளுக்காக ஒரு குட்டி சாலை உருளையைச் செய்தார். அதிலிருந்துதான் 1953-ல் அந்த வரிசை பிறந்தது. பெட்டி மாறாது, வண்டிதான் சுருங்கும் அல்லது பெரிதாகும். 1:64 என்று பொதுவாகச் சொல்லப்படும் அதே வரிசையில் 12 மீட்டர் பேருந்தும் 8 செ.மீ.தான், அது 1:150.

இதை நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம். நிஜத்தில் குட்டியாக இருக்கும் வண்டிகளின் பொம்மையைத் தேடுங்கள். பழைய மினி கார் 3.05 மீட்டர்தான், அது 55 மி.மீ. பொம்மையாக வந்திருந்தால் 1:55. பழைய ஃபியட் 500 இன்னும் சின்னது, 2.97 மீட்டர். வில்லிஸ் ஜீப் 3.33 மீட்டர், 60 மி.மீ. பொம்மை என்றால் அதுவும் 1:55 பக்கம். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 4.08 மீட்டர், 70 மி.மீ. என்றால் 1:58. எல்லாம் அதே மலிவான ரேக்கில் தொங்குபவைதான்.

அதற்கு நேர்மாறாக, 1959 கெடிலாக் 5.7 மீட்டர் நீளம். 78 மி.மீ. பொம்மையில் அது 1:73 ஆகிவிடும். 28 மி.மீ. மேசையில் அது கட்டையாகத் தெரியும், 20 மி.மீ. ஆடும் நண்பருக்கோ அருமையான பரிசு. அந்த 1:150 பேருந்தையும் தூக்கிப் போட வேண்டாம், 10 மி.மீ. ஆட்டக்காரர்கள் தேடுவது அதைத்தான்.

படி 5: வீரனைக் கதவோரம் நிறுத்துங்கள்

கணக்கு தேடலைச் சுருக்கத்தான். கடைசி முடிவைக் கண் எடுக்கட்டும். கூரை வீரனின் தோளுக்கும் மோவாய்க்கும் இடையே வந்தால் வாங்கலாம். நெஞ்சளவில் நின்றால் சின்னது, ஆனால் எரிந்த காராக வைக்கலாம்: டயர் இல்லாத வண்டி நிஜத்திலும் தாழ்ந்துதானே கிடக்கும். கூரை தலைக்கு மேலே போனால், ஜீப், வேன் போன்ற உயரமான வண்டியாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்து கதவு. இவன் குனிந்து உள்ளே நுழைய முடியுமா? பிறகு சக்கரம். நிஜ கார் டயரின் விட்டம் 60–65 செ.மீ., 1:56-ல் அது சுமார் 11 மி.மீ. பந்தயக் கார் பொம்மைகளில் சக்கரத்தை வேண்டுமென்றே ஊதிப் பெருக்கியிருப்பார்கள். கற்பனை டிசைன் கார்களை நான் தொடுவதே இல்லை, அறிவியல் புனைவு ஆட்டமாக இருந்தால் தவிர. அங்கே நிலைமை தலைகீழ். ஒப்பிட நிஜ வண்டியே கிடையாது, ஆகவே ஸ்கேலைக் காட்டிக்கொடுப்பவை கதவு, கண்ணாடி, இருக்கை மூன்றும்தான். கண்ணாடியை உலோகத் தகடுபோல் பெயின்ட் அடித்து மூடிவிட்டு, வீரன் நுழையும் அளவில் ஒரு மேல்மூடியை ஒட்டினால், எந்த மண் அள்ளும் பொம்மையும் கவச வண்டிதான்.

இன்னொன்று: வீரனுக்கும் காருக்கும் உள்ள சிறு வேறுபாட்டைக் கண் மன்னித்துவிடும், அருகருகே நிற்கும் இரண்டு கார்களுக்கு இடையே உள்ளதை மன்னிக்காது. 1:43 வாங்க ஆரம்பித்தால் 1:43-லேயே போங்கள். கலந்து வாங்கிவிட்டீர்கள் என்றால் மேசையின் எதிரெதிர் மூலைகளில் வையுங்கள்.

படி 6: எங்கே தேடுவது

பழைய பொருள் விற்கும் கடைகளின் பொம்மைக் கூடை முதலிடம். பெயின்ட் உரிந்து, கண்ணாடி உடைந்து, சேகரிப்பவர்கள் ஒதுக்கியது நமக்குத் தங்கம். பழைய டிங்கி, கார்கி பிராண்டு பொம்மைக் கார்களில் பல 1:43–1:48 பக்கம் வரும். ரயில் மாடல் கடைகளில் 1:76, 1:87 கிடைக்கும். கட்டுமான இயந்திர டை-காஸ்ட்களில் 1:50 சகஜம், புதிதாக வாங்கினால் விலை கடிக்கும், பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள். பொம்மை லாரியின் கன்டெய்னரையும் கழற்றிப் பாருங்கள். நிஜ 20 அடி கன்டெய்னர் 6.06 மீட்டர் நீளம், 2.44 அகலம். 1:56-ல் 108-க்கு 44 மி.மீ. லாரி உதவாவிட்டாலும் பெட்டி உதவும்.

இணையத்தில் வாங்கினால் விவரத்தில் போட்டிருக்கும் நீளத்தை நம்ப வேண்டாம், பல நேரம் அது பாக்கெட்டின் நீளம். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள், பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி நின்று எடுத்த படமாக. நெருக்கத்தில் எடுத்தால் முன்பக்கம் பருத்துக் காட்டும்.

படி 7: பெயின்ட்

சோப்புத் தண்ணீரில் கழுவி, காய வைத்து, பிரைமர் (நிறம் பிடிக்க அடிக்கும் அடிப்பூச்சு), அப்புறம் நிறம். பிரிக்க வேண்டுமானால் அடியிலுள்ள ரிவெட்டை டிரில்லால் குடைந்தால் உடல் கழன்றுவிடும். பழைய பெயின்ட்டை நீக்கக் காஸ்டிக் சோடா பயன்படுத்தாதீர்கள்: டை-காஸ்ட் உடல் துத்தநாகமும் அலுமினியமும் கலந்தது, அதையே அரித்துவிடும். மிகப் பழைய பொம்மைகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

பின்சேர்க்கை: "1:56 கார்களை ஏற்கெனவே வாங்கிவிட்டேன், என்ன செய்ய?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். காரையும் பேஸில் ஏற்றுங்கள். 3 மி.மீ. அட்டையைக் காரைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி ஒட்டி, மேலே மணலும் இடிபாடும் தூவினால் வீரனுக்குக் கிடைத்த அதே உயரம் காருக்கும் கிடைத்துவிடும்.

இன்னொரு பின்சேர்க்கை: திறந்த ஜீப்பில் ஓட்டுநரை உட்கார வைக்க முடியவில்லை என்று ஒரு வாசகர் எழுதினார். 28 மி.மீ. வீரனின் இடுப்பு 1:56 இருக்கையில் இறங்காது. ஆள் உட்கார வேண்டிய வண்டி என்றால் 1:48 அல்லது 1:43 வாங்குங்கள், அல்லது இருக்கையை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டுநரின் கால்களையும் முழங்காலுக்குக் கீழே நறுக்கிவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வளையும் மென்பிளாஸ்டிக் ஜீப்பாக இருந்தால் அதை விட்டுவிடலாம், பிரைமர் போட்டாலும் பெயின்ட் செதில் செதிலாக உரியும்.